மருந்துக்கடை வாசலில் நல்ல சமாரியர்

(உலக நோயாளர் நாளையொட்டி வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)

 

பிப்ரவரி 11 தூய லூர்து அன்னையின் திருநாள். அந்த நாளை உலக நோயாளர் நாளாகக் கடைப்பிடிக்கும்படி திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1992ஆம் ஆண்டு அறிவித்தார். 1993 முதல் திரு அவை அதைச் சிறப்பித்து வருகிறது. நம் பங்குகளில் அன்று நோயாளர்களுக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கிறோம், நோயில்பூசுதல் வழங்குகிறோம், கெபியில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறோம். நோயாளர்களை நினைக்கும் இந்த நாளில், நோய் வந்ததும் நம் வீடுகளில் முதலில் என்ன நடக்கிறது என்பதைச் சற்றுச் சிந்திப்போம்.

ஏறக்குறைய எல்லா வீட்டிலும் ஒரு மாத்திரை டப்பா இருக்கும். பிஸ்கட் வாங்கிய தகர டப்பாவாக இருக்கலாம், பழைய இனிப்புப் பெட்டியாக இருக்கலாம். காய்ச்சல் மாத்திரை, வயிற்றுவலி மாத்திரை, போன மழைக்காலத்தில் சளிக்கு வாங்கி மூன்று போட்டபின் மீந்து கிடக்கும் இரண்டு மாத்திரை என்று எல்லாம் அதில் கலந்து கிடக்கும். யாருக்காவது உடம்பு சுட்டால் முதலில் திறப்பது அந்த டப்பாவைத்தான். அதில் இல்லையென்றால் தெருமுனை மெடிக்கல். "அண்ணே, தொண்டை வலி, காய்ச்சல், மாத்திரை குடுங்க" என்று கேட்டால் போதும். கடைக்காரர் மூன்று நான்கு அட்டைகளிலிருந்து கத்தரித்து, சின்னக் காகித உறையில் போட்டு, "காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, சாப்பிட்டுப் போடுங்க" என்று தருகிறார். மருத்துவர் பார்க்கவில்லை, பரிசோதனை இல்லை, சீட்டும் இல்லை. இரண்டு நாளில் உடம்பு தேறியதும் மீதி மாத்திரை மறுபடியும் டப்பாவுக்குள் போய்விடுகிறது.

அந்தக் காகித உறையில் பல நேரம் ஓர் ஆன்டிபயாடிக் மாத்திரையும் இருக்கிறது. அமாக்சிசிலின், அசித்ரோமைசின், சிப்ரோஃப்ளாக்சசின் என்ற பெயர்களை நம்மில் பலர் கேட்டிருப்போம். இவை பாக்டீரியா என்ற கிருமியைக் கொல்லும் மருந்துகள். சாதாரணச் சளி, ஃபுளூ காய்ச்சல், பெரும்பாலான தொண்டைவலி எல்லாம் வைரஸால் வருபவை. வைரஸை இந்த மருந்துகள் ஒன்றும் செய்யா. நான்கு நாளில் தானாகவே இறங்க வேண்டிய சளி நான்கு நாளில் இறங்குகிறது. நாமோ, "அந்த மாத்திரைதான் எனக்குக் கேட்டது" என்று மாத்திரைக்குப் பேர் வாங்கிக் கொடுக்கிறோம். அடுத்த முறை மகனுக்குச் சளி பிடித்தால் அதே பெயரைச் சொல்லி வாங்குகிறோம்.

இந்த மருந்துகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. அவற்றுள் முக்கியமான சிலவற்றை விற்கும்போது நோயாளி பெயர், மருத்துவர் பெயர், மருந்தின் அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்ற விதி 2014 மார்ச் முதல் நடைமுறையில் உள்ளது. மாத்திரை அட்டையின் பின்புறம் மேலிருந்து கீழாக ஒரு சிவப்புக் கோடு இருந்தால், அதை மருத்துவர் சொல்லாமல் சாப்பிடாதீர்கள் என்று நடுவண் அரசு 2016இல் ஒரு விழிப்புணர்வு இயக்கமே நடத்தியது. இன்று வீட்டுக்குப் போய் அந்த டப்பாவைத் திறந்து பாருங்கள். சிவப்புக் கோடு போட்ட அட்டை ஒன்றாவது இருக்கக்கூடும்.

ஏன் இவ்வளவு கட்டுப்பாடு? நம் உடம்புக்குள் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. பெரும்பாலானவை நமக்கு நன்மை செய்பவை. ஆன்டிபயாடிக் உள்ளே போகும்போது அந்த மருந்துக்கு அடங்குகிற கிருமிகள் சாகின்றன, அடங்காத சில தப்பிக்கின்றன. போட்டிக்கு ஆளில்லாத இடத்தில் அவை பெருகுகின்றன. தாங்கள் கற்ற வித்தையைப் பக்கத்துக் கிருமிகளுக்கும் கொடுக்கின்றன. தேவையில்லாமல் ஒருவர் சாப்பிடும் ஒவ்வொரு மாத்திரையும், பாதி அளவில் நிறுத்தும் ஒவ்வொரு மருந்தும் இந்தக் கிருமிகளுக்குப் பயிற்சிப் பள்ளிக்கூடம் ஆகிறது. அப்படிப் பயிற்சி பெற்ற கிருமி தும்மல் வழியாக, கழுவாத கை வழியாக, சாக்கடை கலந்த தண்ணீர் வழியாக அடுத்தவரிடம் போகிறது. மருந்தைத் தவறாகச் சாப்பிட்டவர் ஒருவர். அதன் விலையைக் கொடுப்பவர் அந்த மருந்தைத் தொட்டே பார்த்திராத ஒரு பச்சிளங் குழந்தையாக இருக்கலாம்.

முதல் ஆன்டிபயாடிக்குகளில் ஒன்றான பெனிசிலினை 1928இல் கண்டறிந்தவர் அலெக்சாண்டர் ஃபிளெமிங். 1945இல் நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையின் முடிவில் அவர் ஒரு கற்பனைக் கதை சொன்னார். ஒருவருக்குத் தொண்டை வலி. அவரே பெனிசிலின் வாங்கிப் போட்டுக்கொள்கிறார். கிருமியைக் கொல்லும் அளவுக்குப் போடவில்லை, அதை மருந்துக்குப் பழக்கப்படுத்தும் அளவுக்கு மட்டுமே போடுகிறார். அந்தக் கிருமி அவர் மனைவிக்குத் தொற்றி நிமோனியாவாக மாறுகிறது. மருத்துவர்கள் அந்த அம்மாவுக்குப் பெனிசிலின் கொடுக்கிறார்கள். மருந்து கேட்கவில்லை. அந்த அம்மா இறந்துபோகிறார். மருந்து எல்லாக் கடைகளிலும் கிடைக்கும் காலம் வருவதற்கு முன்பே அதைக் கண்டுபிடித்தவர் கொடுத்த எச்சரிக்கை இது.

அந்தக் கதை இன்று கதையாக இல்லை. மருந்துக்கு அடங்காத பாக்டீரியாத் தொற்றே நேரடிக் காரணமாக 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தார்கள் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டுள்ளார்கள். அதே ஆண்டில் மலேரியாவாலும் எய்ட்ஸாலும் தனித்தனியே இறந்தவர்களைவிட இந்த எண்ணிக்கை அதிகம். பிரசவத்துக்குப் போன தாய், சின்ன அறுவைச் சிகிச்சைக்குப் போன பெரியவர், புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்ளும் இளைஞர் ஆகிய எல்லாரும் ஆன்டிபயாடிக் வேலை செய்யும் என்ற நம்பிக்கையில்தான் மருத்துவமனைக்குள் நுழைகிறார்கள். அந்த நம்பிக்கை இன்று அரிக்கப்பட்டு வருகிறது.

அன்பார்ந்தவர்களே, ஃபிளெமிங் சொன்ன கதையில் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று மீதி இருக்கிறது. அந்தத் தொண்டை வலிக்காரர் ஏன் மருத்துவரிடம் போகவில்லை? ஏன் போதுமான அளவு மருந்து போட்டுக்கொள்ளவில்லை? "அறியாமை" என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடுவது எளிது. நம் ஊர் மருந்துக்கடை வாசலில் நிற்பவர்களைக் கொஞ்சம் நின்று பார்த்தால் அந்தப் பதில் போதாது என்பது தெரியும்.

முதலில் நிற்பவர் ஒரு கொத்தனார் என்று வைத்துக்கொள்வோம். காய்ச்சல் அடிக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவர் இருக்கிறார், மருந்தும் இலவசம். 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் வழியாக அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து போய்ச் சேரும் முறையை மற்ற மாநிலங்களும் வந்து பார்த்துக் கற்றிருக்கின்றன. பிறகு ஏன் இவர் அங்கே போகவில்லை? வெளிநோயாளர் சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, மருத்துவரைப் பார்த்து, மருந்து வாங்கி வெளியே வரும்போது காலை வேலை போயிருக்கும். எட்டு மணிக்கு வராதவருக்கு அன்று வேலை கிடையாது. சித்தாளாக உடன் வேலை செய்யும் மனைவியும் துணைக்கு வந்தால் இரண்டு பேர் கூலி போகும். இலவச மருந்துக்கு அவர் கொடுக்கும் விலை ஒரு நாள் சோறு. மருந்துக்கடையோ இரவு பத்து மணிக்கும் திறந்திருக்கிறது, தெரிந்த முகம், கடன்கூடச் சொல்லலாம். நான்கு மாத்திரைக்குத்தான் காசு இருக்கிறது என்றால் நான்கு கொடுப்பார்கள். இவருக்குச் சிவப்புக் கோடு தெரியாமல் இல்லை. காலையில் எழுந்து வேலைக்குப் போயாக வேண்டும் என்பது அதைவிட நன்றாகத் தெரிந்திருக்கிறது.

ஈ.எஸ்.ஐ. அட்டை உள்ள தொழிலாளருக்கு, மருத்துவர் சான்று தந்தால், நோயுற்ற நாளுக்குச் சம்பளத்தில் 70 விழுக்காடு கிடைக்கும். ஆண்டுக்கு 91 நாள் வரை அந்த உரிமை உண்டு. கட்டட வேலை, வயல் வேலை, வீட்டு வேலை, மீன்பிடித் தொழில் செய்யும் நம் மக்களில் பெரும்பாலோருக்கு அந்த அட்டை இல்லை. படுத்தால் பட்டினி என்ற நிலையில் இருப்பவரைப் பார்த்து "ஏன் ஓய்வெடுக்கவில்லை?" என்று கேட்பது எளிது.

அடுத்து நிற்பவர் ஓர் இளம்பெண். பின்னலாடை நிறுவனத்தில் வேலை. சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், அடிவயிற்றில் வலி. வேலை செய்யும் இடத்தில் கழிப்பறைக்கு அடிக்கடி போனால் மேற்பார்வையாளர் முறைப்பார், கழிப்பறையும் போகிற மாதிரி இருக்காது. அதனால் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுகிறார். தொற்று வருவதற்கு வழி அங்கேயே பிறக்கிறது. வந்த பிறகு யாரிடம் சொல்வது? ஆண் மருத்துவரிடம் சொல்லக் கூச்சம், வீட்டில் சொன்னால் வேறு பேச்சு வரும் என்ற பயம். தோழி தனக்குக் கேட்ட ஒரு மாத்திரையின் பெயரைத் துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுக்கிறார். கடையில் அந்தக் காகிதத்தை நீட்டுகிறார். எரிச்சல் குறைகிறது, மூன்றாம் நாள் நிறுத்திவிடுகிறார். அடுத்த மாதம் மறுபடி வருகிறது. இம்முறை அதே மாத்திரை கேட்கவில்லை. சிறுநீரைச் சோதித்து எந்த மருந்துக்கு அந்தக் கிருமி அடங்கும் என்று பார்க்க ஓர் எளிய பரிசோதனை இருக்கிறது. அந்தப் பரிசோதனைக்கும் இவருக்கும் நடுவே நிற்பது வெட்கம் என்ற சுவர். இப்படியே நாள் போனால் தொற்று சிறுநீரகம் வரை ஏறிவிடும்.

மூன்றாவது ஆள் வடமாநிலத்திலிருந்து வந்த தொழிலாளி. தமிழ் தெரியாது. மருத்துவமனையில் எங்கே வலிக்கிறது, எத்தனை நாளாக என்று சொல்ல வாய் வராது. கடையில் பழைய அட்டையைக் காட்டினால் அதே மருந்து கிடைக்கிறது, பேச வேண்டியதில்லை.

நான்காவது நிற்பவர் வசதியானவர், படித்தவர். குழந்தைக்குச் சளி, திங்கட்கிழமை தேர்வு. போன முறை மருத்துவர் எழுதிய சீட்டின் படம் கைபேசியில் இருக்கிறது. "எதுக்கு மறுபடி முந்நூறு ரூபாய் கட்டணும்?" என்று அதையே காட்டி வாங்குகிறார். அல்லது மருத்துவரிடமே போய், "டாக்டர், கொஞ்சம் பவரா குடுங்க, ரெண்டு நாள்ல ஸ்கூலுக்கு அனுப்பணும்" என்கிறார். ஒருநாளும் விடுப்பு எடுக்காத மாணவருக்கு ஆண்டுவிழாவில் பரிசு கொடுக்கிறோம். காய்ச்சலோடு பள்ளிக்கு வந்த பிள்ளையைக் கைதட்டிப் பாராட்டுகிறோம். அந்தக் கைதட்டலும் மருந்துக்கடை வாசல் வரை போகிறது.

கடைக்காரரையும் மருத்துவரையும் மறந்துவிட வேண்டாம். சீட்டு இல்லாமல் தரமாட்டேன் என்று சொன்னால் வாடிக்கையாளர் எதிர்க்கடைக்குப் போய்விடுவார் என்பது கடைக்காரரின் கவலை. கூட்டம் நிரம்பிய அறையில் ஒரு நோயாளிக்கு இரண்டு நிமிடம் கிடைத்தால் பெரிது. "இது வைரஸ் காய்ச்சல், ஓய்வெடுங்கள், நிறையத் தண்ணீர் குடியுங்கள், மூச்சு வாங்கினாலோ காய்ச்சல் விடாவிட்டாலோ உடனே வாருங்கள்" என்று விளக்கப் பத்து நிமிடம் வேண்டும். மருந்து எழுதி நீட்ட அரை நிமிடம் போதும். ஊசியும் போடாமல் வெறுங்கையோடு அனுப்பிய மருத்துவரை, "அவர் சரியில்லை" என்று ஊரே சொல்லும். கோழிப்பண்ணைகளிலும் இதே அவசரம்தான். சீக்கிரம் எடை கூட வேண்டும் என்று தீவனத்தில் மருந்து கலக்கும் பழக்கம் பரவியது. கடைசி ஆயுதமாக மருத்துவர்கள் காப்பாற்றி வைத்திருந்த கொலிஸ்டின் என்ற மருந்தும் தீவனத்துக்குள் போனதால், உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கு அதைக் கொடுப்பதை 2019இல் அரசு தடை செய்ய வேண்டியதாயிற்று.

இத்தனை பேரையும் பார்த்த பிறகு ஒன்று தெரிகிறது. மருந்துக்கடை வாசலில் நிற்பவர்களிடம் இல்லாத பொருள் மருந்தன்று, நேரம். வேலைக்குப் போகாமல் இருக்க ஒரு நாள், வரிசையில் நிற்க அரை நாள், சொல்லக் கூச்சமாக இருப்பதைச் சொல்லிமுடிக்கப் பத்து நிமிடம், காது கொடுக்க ஓர் ஆள். இவை கிடைக்காத இடத்தில் மாத்திரையைக் கொண்டு நேரத்தை வாங்கப் பார்க்கிறோம். அந்தக் கடனை நம் பிள்ளைகள் அடைக்க வேண்டியிருக்கும்.

மாற்கு நற்செய்தி 5ஆம் அதிகாரத்தில் வரும் ஒரு பெண்ணை இப்போது நினைத்துப் பார்ப்போம். பன்னிரண்டு ஆண்டுகள் இரத்தப்போக்கினால் வருந்தியவர். பல மருத்துவர்களிடம் போய், கையில் இருந்ததையெல்லாம் செலவழித்தும் நிலைமை மோசமானதே தவிர குணமாகவில்லை. வெட்கத்தாலும் விலக்கப்பட்டதாலும் முகம் காட்டாமல், கூட்டத்துக்குள் பின்னால் வந்து ஆண்டவரின் ஆடையைத் தொடுகிறார், உடனே நலம் பெறுகிறார். அதோடு கதை முடிந்திருக்கலாம். அங்கிருந்த எல்லாருக்கும் அவசரம். தொழுகைக்கூடத் தலைவர் யாயீரின் மகள் சாகக் கிடக்கிறாள். அந்த அவசரத்தின் நடுவில் இயேசு நிற்கிறார், திரும்பிப் பார்க்கிறார், தொட்டது யார் என்று கேட்கிறார். சீடர்களுக்கு அது புரியவில்லை. அந்தப் பெண் நடுங்கிக்கொண்டே வந்து நடந்ததையெல்லாம் சொல்கிறார், ஆண்டவர் கேட்கிறார். "மகளே" என்று அழைத்து அமைதியுடன் அனுப்பி வைக்கிறார். பன்னிரண்டு ஆண்டுகளாக அந்தப் பெண்ணை யாரும் அப்படி முழுவதுமாகக் கேட்டிருக்கமாட்டார்கள். யாயீரின் மகளும் கைவிடப்படவில்லை, அவளும் எழுந்தாள். நோயுற்றவருக்குக் கொடுத்த நேரம் வேறு யாரிடமிருந்தும் பறித்த நேரமாக இருக்கவில்லை.

லூக்கா நற்செய்தி 10ஆம் அதிகாரத்தில் நல்ல சமாரியரும் இதையே செய்கிறார். காயத்தில் எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்தார், அது அந்தக் காலத்து மருந்து. அதோடு விட்டுவிட்டுப் போயிருந்தால் அவர் நம் தெருமுனைக் கடையைப் போன்றவராகவே இருந்திருப்பார். அவர் கட்டுப் போட்டார், தம் விலங்கின்மீது ஏற்றினார், சாவடி வரை உடன் சென்றார், அன்றிரவு பார்த்துக்கொண்டார். மறுநாள் சாவடிப் பொறுப்பாளரிடம் இரண்டு தெனாரியம் கொடுத்தார், மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகச் சொன்னார். அடிபட்டவர் எழுந்து நடக்கும்வரை ஆகும் நாள்களுக்கும் அவர் பொறுப்பேற்றார். சிகிச்சை பாதியில் நிற்காதபடி பார்த்துக்கொண்டார்.

ஏழைகளால் நீண்ட சிகிச்சையை முழுமையாக எடுக்க முடியாது என்று சொல்பவர்களுக்கு நம் சென்னையிலிருந்தே ஒரு பதில் இருக்கிறது. 1956இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்தாய்வு மையம் ஒன்று தொடங்கப்பட்டது. காசநோயாளிகளைச் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வைத்து, நல்ல சாப்பாடும் காற்றும் கொடுத்தால்தான் குணமாகும் என்று உலகம் நம்பிய காலம் அது. இந்த மையம் நோயாளிகளை இரு பிரிவாக்கியது. ஒரு பிரிவினருக்குச் சானடோரியத்தில் மருந்து, மறு பிரிவினருக்கு நெருக்கடியான அவர்கள் வீடுகளிலேயே அதே மருந்து. ஓராண்டு முடிவில், 1959இல் வெளிவந்த முடிவு மருத்துவ உலகத்தை வியக்க வைத்தது. போதிய சாப்பாடும் ஓய்வும் இல்லாத வீட்டில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவுக்குக் குணமடைந்திருந்தார்கள். எப்படி? பணியாளர்கள் அவர்கள் வீடு தேடிப் போனார்கள். மாத்திரையை எண்ணிப் பார்த்தார்கள். வராதவரைத் தேடிப் பிடித்தார்கள். பணியாளர் கண்ணெதிரிலேயே மாத்திரை விழுங்கும் முறையை 1990களில் உலக சுகாதார நிறுவனம் உலகெங்கும் பரப்பியது. அதன் வேர்களில் ஒன்று சென்னையில் நடந்த ஆய்வுகள்.

காசநோய் மருந்தைப் பாதியில் நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை நம் நாடு கண்ணீரோடு கற்றிருக்கிறது. மருந்துக்கு அடங்காத காசநோய் வந்தவரின் சிகிச்சை கடினமானது, பக்க விளைவுகளும் அதிகம். காசநோயாளிக்குச் சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்காக 2018 முதல் அரசு மாதம் 500 ரூபாய் கொடுத்தது. 2024 நவம்பர் முதல் அதை 1,000 ரூபாயாக உயர்த்தியது. மாத்திரை வயிற்றுக்குள் தங்க வேண்டுமென்றால் சோறும் தங்க வேண்டும் என்பது அதன் பொருள்.

ஆகவே அன்பார்ந்தவர்களே, நம் பங்குகளில் நாம் என்ன செய்யலாம்?

முதலாவதாக, நம் அன்பியங்கள். மாதத்திற்கு ஒருமுறை கூடி இறைவார்த்தையைப் பகிர்கிறோம். அந்தத் தெருவில் யாருக்கு உடம்பு முடியவில்லை என்பதும் அங்கே தெரியவரும். அவரோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூடப் போக ஒருவர் முன்வரலாம். வரிசையில் இடம் பிடிக்கலாம், குழந்தையைப் பார்த்துக்கொள்ளலாம். கூச்சப்படும் பெண்ணோடு வயதில் மூத்த ஒரு சகோதரி போனால் பாதிச் சுவர் இடிந்துவிடும். இந்தி தெரிந்த ஓர் இளைஞர் வடமாநிலத் தொழிலாளியோடு போனால் அவருக்கு வாய் கிடைத்ததுபோல.

இரண்டாவதாக, வின்சென்ட் தே பவுல் சபை நம் ஏழைகளுக்கு அரிசியும் மருந்துச் செலவும் கொடுத்து வருகிறது. நோயுற்ற கூலித் தொழிலாளிக்கு ஒருநாள் கூலியையும் அந்தப் பட்டியலில் சேர்க்க முடியுமா என்று யோசிக்கலாம். மருத்துவரைப் பார்க்கும் அந்த ஒரு நாளை நாம் வாங்கிக் கொடுத்தால், சமாரியர் கொடுத்த இரண்டு தெனாரியத்துக்கு அது சமம்.

மூன்றாவதாக, வேலை கொடுக்கும் நிலையில் இருப்பவர்களுக்கு ஒரு சொல். உங்கள் கடையில், பட்டறையில், வீட்டில் வேலை செய்பவருக்குக் காய்ச்சல் என்றால் சம்பளம் பிடிக்காமல் ஒரு நாள் விடுங்கள். பெண்கள் தயங்காமல் போகக்கூடிய கழிப்பறையும் குடிதண்ணீரும் கொடுங்கள். அது எத்தனையோ பெட்டி மாத்திரைகளைத் தடுக்கும். நம் பள்ளிகளை நடத்துபவர்கள், காய்ச்சல் கண்ட பிள்ளையை வீட்டில் வைத்திருக்கும் பெற்றோரைக் குற்றவாளிபோல் நடத்தாதிருக்கலாம்.

நான்காவதாக, நம்மிடையே இருக்கும் மருத்துவர்கள், செவிலியர்கள், மருந்தாளுநர்கள். உங்கள் "இல்லை" என்ற சொல்லுக்குப் பின்னால் பங்கு முழுவதும் நிற்க வேண்டும். சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் தராத கடைக்காரரை நாம் குறை சொல்லாமல், அந்தக் கடையைத் தேடிப் போவோம். ஊசி போடாமல் விளக்கிச் சொல்லும் மருத்துவருக்கு நன்றி சொல்வோம்.

ஐந்தாவதாக, நம் வீட்டு டப்பா. மீந்த ஆன்டிபயாடிக்கை எடுத்துவைக்க வேண்டாம், பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கவும் வேண்டாம். நமக்கு எழுதியது இன்னொருவருக்கு ஆகாது. சோறும் குழம்பும் பகிர்வது அன்பு, இந்த மாத்திரையைப் பகிர்வது அன்பு ஆகாது. மருத்துவர் எழுதினால் அவர் சொன்ன அளவில், சொன்ன நாள்வரை சாப்பிடுவோம். இடையில் ஒவ்வாமல் போனால் நாமாக நிறுத்தாமல் அவரிடமே திரும்பிப் போவோம். கை கழுவுவது, தண்ணீரைக் காய்ச்சிக் குடிப்பது, குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுவது ஆகிய மூன்றும் கிருமி வருமுன் காப்பவை. வராத நோய்க்கு மருந்தே தேவையில்லை.

இதைக் கேட்டு யாரும் மருந்தே வேண்டாம் என்று முடிவெடுத்துவிடக் கூடாது. நிமோனியா வந்த குழந்தைக்கும், இரத்தத்தில் கிருமி பரவியவருக்கும் ஆன்டிபயாடிக் தாமதமானால் உயிர் போகும். செபம் போதும், மருந்து எதற்கு என்பதும் நம் விசுவாசமன்று. சீராக்கின் ஞானநூல் 38ஆம் அதிகாரம், மருத்துவரை மதிக்கச் சொல்கிறது. மருந்துகளை நிலத்திலிருந்து உண்டாக்கியவர் ஆண்டவரே என்கிறது. இறைவனிடம் மன்றாடவும், மருத்துவருக்கு இடம் கொடுக்கவும் ஒருசேர அழைக்கிறது. பெனிசிலினும் மண்ணில் வாழும் பூஞ்சை இனத்திலிருந்து கிடைத்த கொடைதான். கடவுள் எல்லாருக்குமாகக் கொடுத்த கொடையை ஒரு தலைமுறையே தின்று தீர்த்துவிடலாகாது. ஊர்ப் பொதுக்குளத்தைப் போல அதைக் காத்து, அடுத்தவர்களுக்கு விட்டுச் செல்ல வேண்டும்.

நோயாளரைச் சந்திப்பது இரக்கச் செயல்களுள் ஒன்று என்று மறைக்கல்வியில் படித்திருக்கிறோம். இந்த வாரம் நம் தெருவில் காய்ச்சலில் படுத்திருக்கும் ஒருவர் வீட்டுக்குப் போவோம். ஆரஞ்சுப் பழம் வாங்கிப் போவது நல்லது. "நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு நான் கூட வரட்டுமா?" என்று கேட்பது அதைவிட நல்லது.

மன்றாடுவோம். நோயுற்றோரின் நலமான ஆண்டவரே, அவசரத்தின் நடுவில் நின்று ஓர் ஏழைப் பெண்ணுக்குச் செவிகொடுத்தீரே, எங்கள் கால்களையும் நிறுத்தும். கூலிக்கும் உடல்நலத்துக்கும் நடுவே தவிப்பவர்களுக்குத் துணையாக எங்களை அனுப்பும். மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் மருந்தாளுநர்களுக்கும் பொறுமையும் துணிவும் தாரும். நீர் தந்த மருந்துகளை வீணாக்காமல், எங்களுக்குப் பின் வரும் பிள்ளைகளுக்கும் பயன்படும்படி காக்க எங்களுக்குக் கற்பித்தருளும். லூர்து அன்னையே, நோயாளரின் ஆரோக்கியமே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். ஆமென்.